செங்காந்தள் கொடி காய்ந்த பிறகும் நாய்க்கு ஆபத்தா?

ஜனவரி 17, இரவு 9.40
மாடித்தோட்டம், திருச்சி

மாடியில் இரண்டு பெரிய தொட்டி நிறைய செங்காந்தள். கார்த்திகை முழுக்கப் பூத்துத் தள்ளியது. இப்போது கொடி மஞ்சளாகிக் காய்ந்துவிட்டது, அறுத்துப் போட்டாச்சு. வீட்டில் 11 கிலோ நாட்டுநாய். பக்கத்து வீட்டுப் பூனையும் மாடிக்கு வரும். பூ, இலை எல்லாம் விஷம் என்று தெரியும், அதனால் பூத்த காலத்தில் சுற்றிலும் வலை கட்டியிருந்தது. கொடியே போய்விட்டதால் இனி வலையை எடுத்துவிடலாம்தானே? கிழங்கு அரை அடி ஆழத்தில் கிடக்கிறது, கசப்பு வேறு. நாய் எதற்குத் தின்னப்போகிறது?

ஜனவரி 17, இரவு 10.15
கால்நடை மருத்துவர்

வலையை எடுக்காதீர்கள். இந்தச் செடியில் எல்லாப் பாகத்திலும் விஷம் உண்டு, ஆனால் கூடுதலாகச் சேர்ந்திருப்பது கிழங்கிலும் விதையிலும்தான். கொடி காய்ந்ததால் செடி செத்துவிடவில்லை. கிழங்கு அடுத்த மழைக்காகத் தூங்குகிறது, விஷமும் அதனுள் அப்படியே இருக்கிறது. பூ இருந்தவரை பார்த்தவர்கள் எல்லாம் ஒதுங்கினார்கள், நீங்களும் வலை கட்டினீர்கள். இப்போது அது வெறும் மண் தொட்டி. நாய்க்கு அதைவிட வசதியான இடம் வேறில்லை. வருடத்தில் இந்தத் தொட்டிக்கு அதிகக் காவல் தேவைப்படுவது தை முதல் வைகாசி வரைதான்.

கசந்தால் நாய் தின்னாது என்பதை நம்ப முடியாது. நாய், அதிலும் குட்டி, முதலில் விழுங்கும், ருசி அப்புறம்தான். பல் முளைக்கும் வயதில் கையில் கிடைத்ததெல்லாம் மெல்லும்.

ஜனவரி 18, காலை 6.50
கண்வலி விவசாயி, மூலனூர் பக்கம்

ஒரு திருத்தம். அரை அடி ஆழத்தில் இருக்காது. தொட்டியில் கிழங்கைப் படுக்கவைத்து இரண்டு மூன்று அங்குலம் மண் மூடுவதுதான் வழக்கம். தண்ணீர் ஊற்ற ஊற்ற மேல்மண் கரைந்து இன்னும் மேலே தெரியும். நாய் இரண்டு தடவை பறித்தால் கிழங்கு வெளியே வந்துவிடும்.

கிழங்கு எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்கு: இரண்டு விரல் ஒரு முனையில் ஒட்டிய மாதிரி, கலப்பை வடிவம். அதனால்தான் செங்காந்தளுக்குக் கலப்பைக்கிழங்கு என்றும் பெயர், எங்கள் பக்கம் கண்வலிக்கிழங்கு. தோல் வெளிர் பழுப்பு, நகத்தால் கீறினாலே உரியும். உள்ளே வெள்ளையாக மாவு மாதிரி. முற்றியதும் லேசாக வளைத்தாலே பட்டென்று ஒடியும். முளை ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒன்றுதான். நுனி ஒடிந்துபோன துண்டு முளைக்காது, எனவே எடுக்கும்போது அதை யாரும் மதிக்காமல் மண்ணிலேயே விட்டுவிடுவார்கள். முளைக்காத துண்டுக்கும் விஷம் அதேதான்.

ஜனவரி 18, காலை 8.05
மாடித்தோட்டம், திருச்சி

அண்ணா, இரண்டு மூன்று அங்குலம்தானா! கொடி அறுத்த கையோடு தொட்டிக்கு எலும்புத்தூளும் மீன் அமிலமும் கொடுத்தாச்சே. கிழங்கு பெருக்கட்டும் என்று.

ஜனவரி 18, காலை 8.30
கால்நடை மருத்துவர்

அதுதான் நாயை அழைக்கும் வாசனை. நாய் கிழங்கைத் தேடித் தோண்டாது. எலும்புத்தூள், மீன் அமிலம், கடலைப்புண்ணாக்கு, ரத்தத்தூள், முட்டை ஓட்டுத்தூள் இதற்காகத் தோண்டும். மண் ஒட்டிய கிழங்கிலும் அந்த வாசனைதான் அடிக்கும், எலும்பு என்று நினைத்தே மெல்லும். தூங்கும் கிழங்குக்கு இப்போது உரமே வேண்டாம், அது எடுத்துக்கொள்ளாது. மேல் இரண்டு அங்குல மண்ணை வழித்து, நாய் போகாத வேறு தொட்டியில் போடுங்கள். இங்கே வெறும் மண்ணோ தேங்காய்நார்த் தூளோ போட்டு மூடினால் போதும்.

இன்னொன்று, கேள்விக்கு வெளியே இருந்தாலும் சொல்லவேண்டும். ஆமணக்குப் புண்ணாக்கு போடுபவர்கள் இருந்தால் நிறுத்துங்கள். அதில் ரிசின் என்ற விஷம் மிச்சம் இருக்கலாம். நாய்க்கு அதன் வாசனை பிடிக்கும், ஆகையால் அது தனியாகவே ஒரு விஷக் கேஸ்.

ஜனவரி 19, மாலை 5.20
பூனைக்காரர், கோவை

இதற்கு ஆங்கிலத்தில் குளோரி லில்லி, ஃபிளேம் லில்லி என்று பெயர். லில்லி பூனையின் சிறுநீரகத்தைத்தான் கெடுக்கும், நாய்க்கு வயிற்றுவலியோடு போய்விடும் என்றுதான் எல்லா இடத்திலும் இருக்கிறது. இங்கே நாய்க்கு இவ்வளவு பயப்படுவது ஏன்?

ஜனவரி 19, இரவு 7.00
கால்நடை மருத்துவர்

பெயரில்தான் லில்லி. பழைய வகைப்பாட்டில் லில்லிக் குடும்பத்தில் வைத்திருந்தார்கள், இன்றைய வகைப்பாட்டில் குடும்பமே வேறு. பூச்செண்டில் வரும் ஓரியண்டல், ஆசியாட்டிக் லில்லிகளும் டே லில்லியும் பூனையின் சிறுநீரகத்தைத் தாக்கும். மகரந்தத்தை நக்கினாலும் ஜாடித் தண்ணீரைக் குடித்தாலும் போதும். நாய்க்கு அந்த அளவு ஆபத்து இல்லை என்பது அந்தச் செடிகளுக்குச் சரி.

செங்காந்தளின் விஷம் கோல்ச்சிசின். அது நாய், பூனை, ஆடு, மாடு, மனிதர் என்று யாரையும் விடாது. லில்லி பற்றிப் படித்ததை இதற்குப் பொருத்தினால் நாய் போய்விடும். பீஸ் லில்லி மூன்றாவது ரகம். அதில் மணி பிளாண்டில் இருப்பது போன்ற ஊசிப் படிகங்கள், வாய் எரிச்சலோடு நிற்கும். ஒரே பெயரில் மூன்று வேறு நோய். மருத்துவரிடம் போனில் 'லில்லி தின்றது' என்று மட்டும் சொல்லாதீர்கள். செங்காந்தள், கண்வலிக்கிழங்கு, கார்த்திகைப்பூ, இதில் உங்கள் ஊரில் புழங்கும் பெயரைச் சொல்லி, படத்தையும் அனுப்புங்கள்.

ஜனவரி 20, பிற்பகல் 2.10
கால்நடை மருத்துவர்

விஷம் எப்படி வேலை செய்கிறது என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தார்கள். இங்கேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இது தெரிந்தால்தான் முதல் நாள் ஏமாறாமல் இருக்கலாம்.

உடலில் ஒரு செல் இரண்டாகப் பிரிய, உள்ளே நூல் போன்ற இழைகள் உருவாகி மரபுப்பொருளை இரண்டு பக்கமும் இழுக்கவேண்டும். கோல்ச்சிசின் அந்த இழை உருவாகவிடாமல் பிடித்துக்கொள்ளும். செல் பாதிப் பிரிவில் நின்று செத்துப்போகும். எந்தத் திசு வேகமாகப் பெருகுகிறதோ அது முதலில் அடிவாங்கும்: குடலின் உட்தோல், எலும்பு மஜ்ஜை, மயிர்க்கால்.

எனவே வரிசை இப்படி வரும். தின்ற 2 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் எச்சில் வடிதல், ஓயாத வாந்தி, வயிற்றுவலி, தண்ணீராகவும் பிறகு ரத்தமாகவும் பேதி. மணி பிளாண்ட் மென்ற நாய் அந்த நிமிடமே வாயைக் காலால் தேய்த்துக்கொண்டு ஓடிவரும். இதில் அப்படி உடனே காட்டிக்கொடுக்கும் என்று காத்திருக்கவே கூடாது. தின்றுவிட்டுச் சாதாரணமாக வாலாட்டிக்கொண்டு நிற்கும்.

பிறகு இரண்டாம் நாளிலிருந்து ஒரு வாரம் வரை உண்மையான சண்டை. நீர் வற்றி ரத்த அழுத்தம் விழும், சிறுநீரகம், கல்லீரல் தடுமாறும், மஜ்ஜை வேலைநிறுத்தம் செய்வதால் வெள்ளணுக்களும் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும் சரியும். ஈறில், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரியும். தசை தளர்ந்து மூச்சு வாங்கும். பேதி நின்றதும் 'சரியாகிவிட்டது' என்று வீட்டுக்குக் கூட்டிப்போவது இந்த இடத்தில்தான். வயிறு அடங்கியிருக்கும், ரத்தம் அப்போதுதான் சரிய ஆரம்பித்திருக்கும்.

ஒரு வாரம் தாண்டினால் பெரும்பாலும் மீளும். இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டலாம், பயப்படவேண்டாம், திரும்ப முளைக்கும். இலங்கையில் இந்தக் கிழங்கைத் தின்ற ஒரு பெண்ணுக்கு உடல் முழுக்க முடி கொட்டியது 1966இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பதிவாகியிருக்கிறது. மயிர்க்காலின் கணக்கும் மஜ்ஜையின் கணக்கும் ஒன்றே.

ஜனவரி 20, இரவு 9.15
கென்னல், சேலம்

வாந்தி, ரத்த பேதி, வெள்ளணு குறைவு. இது அப்படியே குட்டிகளுக்கு வரும் பார்வோ வைரஸ் நோய் அல்லவா?

ஜனவரி 20, இரவு 9.50
கால்நடை மருத்துவர்

ஆமாம், அதே முகம். பார்வோ வைரஸும் குடலையும் மஜ்ஜையையும்தான் தாக்குகிறது. நம் ஊரில் நான்கு மாதக் குட்டி ரத்தமாகப் போனால் யார் மனதிலும் முதலில் வருவது பார்வோ, அது தவறும் இல்லை. தட்டணு மட்டும் குறைந்திருந்தால் உண்ணிக் காய்ச்சல் என்று போய்விடும். இரண்டுக்கும் நடுவில் செடி ஒளிந்துகொள்ளும்.

பிரித்தறிய: பார்வோ கிட் பரிசோதனை. ஆனால் சில நாள் முன்புதான் தடுப்பூசி போட்டிருந்தால் நோய் இல்லாவிட்டாலும் மெல்லிய கோடு விழக்கூடும். தடுப்பூசி ஒழுங்காக முடித்த பெரிய நாய்க்குத் திடீரென்று இந்தப் படம் வந்தால், கிட் நெகடிவ் என்றால், தொட்டியைப் போய்ப் பாருங்கள். காய்ச்சலோடு மந்தமாக ஆரம்பித்ததா, நன்றாக விளையாடிக்கொண்டிருந்தது சில மணி நேரத்தில் விழுந்ததா என்பதும் உதவும். வளர்ப்பவர் வாய்திறந்து 'வீட்டில் செங்காந்தள் இருக்கிறது, மண் கிளறியிருக்கிறது' என்று சொல்லாவிட்டால் எந்த மருத்துவருக்கும் இது தோன்ற வழியில்லை. ரத்தப் பரிசோதனையில் இந்தச் செடியின் பெயர் எழுதி வராது.

ஜனவரி 21, காலை 7.30
மாடித்தோட்டம், திருச்சி

எவ்வளவு தின்றால் ஆபத்து டாக்டர்? ஒரு கணக்கு இருந்தால் நல்லது.

ஜனவரி 21, காலை 11.00
கால்நடை மருத்துவர்

பழைய நச்சியல் நூல்கள் சொல்வது, 10 கிராம் பச்சைக் கிழங்கில் ஏறக்குறைய 6 மி.கி. கோல்ச்சிசின். மனிதர்களுக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் அட்டவணை: உடல் எடையில் கிலோவுக்கு 0.5 மி.கி.க்குக் கீழே பெரும்பாலும் குடல் தொல்லை, 0.5 முதல் 0.8 வரை மஜ்ஜை பாதிப்பு, 0.8க்கு மேல் பிழைப்பது அரிது. நாய்க்கு இதை ஒரு ஒப்புமையாகத்தான் வைக்கிறேன்.

கட்டைவிரல் நீளத் துண்டு பத்துப் பதினைந்து கிராம் வரும். 10 கிராம் உங்கள் 11 கிலோ நாய் தின்றால் கிலோவுக்கு 0.55. பதினைந்து என்றால் 0.8ஐத் தாண்டிவிட்டது. மூன்றரைக் கிலோ பூனைக்கு 3 கிராமே 0.5ஐத் தொட்டுவிடும். 3 கிராம் என்பது இரண்டு மூன்று பாதாம் பருப்பு எடை.

ஜனவரி 21, இரவு 8.40
கென்னல், சேலம்

அவசரத்துக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுத்து வாந்தி எடுக்கவைக்கலாம். கிலோவுக்கு 1 முதல் 2 மி.லி., மொத்தம் 45 மி.லி.க்கு மேல் போகக்கூடாது. மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கும்.

ஜனவரி 21, இரவு 9.05
கால்நடை மருத்துவர்

நிறுத்துங்கள், இதில் ஒரு பொறி இருக்கிறது. அந்த அளவு 3 சதவீதக் கரைசலுக்கு. நம் மருந்துக்கடையில் புண் கழுவ விற்கும் பாட்டில் பெரும்பாலும் 6 சதவீதம், '20 வால்யூம்' என்று போட்டிருக்கும். அதே அளவை அதிலிருந்து ஊற்றினால் இரட்டிப்பு, இரைப்பை வெந்து ரத்தம் கக்கும். 10 வால்யூம் என்றால்தான் 3 சதவீதம். தலைச்சாயத்துக்கு விற்கும் பாட்டிலை எந்த அளவிலும் தொடாதீர்கள்.

கொடுக்கலாமா என்பதை மருத்துவர் போனில் சொல்லவேண்டும். தின்று 2 மணி நேரம் தாண்டவில்லை, நாய் நல்ல நினைவோடு இருக்கிறது, இன்னும் வாந்தி தொடங்கவில்லை, மருத்துவமனை தூரம். நான்கும் சேர்ந்தால் மட்டும். பக், ஷிட்சூ மாதிரி சப்பை மூக்கு நாய்க்கு வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும். பூனைக்குப் பெராக்சைடு கூடவே கூடாது. பூனையின் இரைப்பை அதைத் தாங்காது. பூனைக்கு வாந்தி வரவைக்க மருத்துவமனையில் ஊசி உண்டு, நாய்க்கும் உண்டு, அதுதான் பாதுகாப்பு. அரைமணியில் போய்ச் சேர முடியுமென்றால் வீட்டில் எதையும் ஊற்றாமல் கிளம்புங்கள்.

ஜனவரி 22, காலை 6.30
கண்வலி விவசாயி, மூலனூர் பக்கம்

எங்கள் பக்கம் கால்நடை இதைக் கடித்துவிட்டால் மோர் கரைத்து ஊற்றுவார்கள். சித்த மருந்து செய்பவர்கள் கிழங்கைச் சீவி உப்பு மோரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்துத்தான் சுத்தி செய்வார்கள். அதிலிருந்து வந்த பழக்கம் போல.

ஜனவரி 22, காலை 9.10
கால்நடை மருத்துவர்

அண்ணன் சொன்னது சரியான வேர். அவர்கள் சீவல் சீவலாக நாள்கணக்கில் ஊறவைத்து, அந்த மோரைக் கொட்டிவிடுகிறார்கள். விஷம் மோரில் இறங்கியது, மோர் போனது, அவ்வளவுதான். வயிற்றுக்குள் ஊற்றிய மோர் எங்கேயும் போகாது. மோர் அதை முறிக்காது, பால் முறிக்காது, முட்டை வெள்ளைக்கருவும் முறிக்காது. வேகவைத்தாலும் காயவைத்தாலும் கோல்ச்சிசின் அழியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் மோர் பயனில்லாதது மட்டும்தான், மற்ற சில கெடுதலே செய்யும். உப்புத் தண்ணீர்: வாந்தி வராவிட்டால் ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வரும். நல்லெண்ணெய், விளக்கெண்ணெய்: வாயைப் பிளந்து ஊற்றும்போது நுரையீரலில் இறங்கும். தொண்டையில் விரல் விடுவது: கடிதான் மிச்சம். பேதியை நிறுத்த நமக்கு வாங்கிவைத்த மாத்திரை: விஷம் குடலில் இன்னும் நேரம் தங்கும்.

அடுப்புக்கரி கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். அது வேறு, விஷத்தை ஈர்த்துப் பிடிக்கும் மருந்துக்கரியான ஆக்டிவேட்டட் சார்க்கோல் வேறு. மருந்துக்கடை சார்க்கோல் மாத்திரை ஒன்றில் 250 மி.கி. என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 கிலோ நாய்க்கு முதல் தடவைக்கே குறைந்தது 10 கிராம் வேண்டும், அதாவது 40 மாத்திரை. வாந்தியெடுக்கும் நாய்க்கு அதை வீட்டில் கொடுக்க முடியாது.

ஜனவரி 24, பிற்பகல் 3.30
கால்நடை மருத்துவர்

மருத்துவமனையில் என்ன நடக்கவேண்டும் என்பது தெரிந்தால் நீங்களே கேட்கலாம்.

முறிமருந்து கையில் கிடைப்பதாக எதுவும் இல்லை. டயாலிசிஸும் உதவாது, விஷம் ரத்தத்தில் தங்காமல் திசுக்களுக்குள் போய்ப் பதுங்கிவிடும். எனவே செய்வதெல்லாம் வெளியே எடுப்பதும், உடல் தானே மீளும்வரை தாங்கிப்பிடிப்பதும்தான்.

வாந்தி வரவைத்து, அது அடங்கியதும் ஆக்டிவேட்டட் சார்க்கோல் கிலோவுக்கு 1 முதல் 2 கிராம். ஒரு தடவையோடு விடக்கூடாது. கோல்ச்சிசின் கல்லீரல் வழியாகப் பித்தத்தில் கலந்து மறுபடி குடலுக்கே வரும், அங்கிருந்து மறுபடி உறிஞ்சப்படும். அந்தச் சுற்றை அறுக்கத்தான் 6 முதல் 8 மணிக்கு ஒரு முறை பாதி அளவு, ஓரிரு நாள். இதனாலேயே 'நேற்று தின்றது, இனி கரி எதற்கு' என்று விடுவதில்லை. பேதி மருந்து கலந்த சார்க்கோல் என்றால் முதல் முறை மட்டும். நாய் மயக்கமாக இருந்தால் வாய்வழி எதுவும் கிடையாது.

டிரிப் ரிங்கர் லாக்டேட், வாந்திக்கு மரோபிடன்ட் கிலோவுக்கு 1 மி.கி. தோலடியில், கூடவே சர்க்கரை அளவு, சிறுநீர் அளவு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்க்கவேண்டும். வெள்ளணு சரிந்தால் கிருமி ஏறாமல் ஆன்டிபயாடிக், தேவைப்பட்டால் மஜ்ஜையைத் தூண்டும் ஃபில்கிராஸ்டிம் ஊசி.

சி.பி.சி., அதாவது ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை, ஒரு நாள் பார்த்து விடுவதல்ல. முதல் நாள் வெள்ளணு கூடுதலாகவே இருக்கும், அதைப் பார்த்து நிம்மதி அடையவேண்டாம். தினமும் எடுத்து ஐந்து நாளாவது சரிவு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இதற்கு ஆய்வகம் உள்ள இடம் நல்லது. வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி வளாக மருத்துவமனைகள் இருக்கின்றன.

போகும்போது எடுத்துப்போக: மிச்சக் கிழங்கு, நுனி சுருண்ட ஓர் இலை, வாந்தி கொஞ்சம் பிளாஸ்டிக் கவரில், நாயின் எடை, கடைசியாக அது நன்றாக இருந்ததைப் பார்த்த நேரம்.

ஜனவரி 25, காலை 7.15
கால்நடை மருத்துவர்

21ஆம் தேதி போட்ட கணக்கை மறுபடி படித்தேன். உறுத்துகிறது. இதை வைத்து யாராவது 'ஐந்து கிராம்தான், 0.5க்குக் கீழே, காலையில் பார்ப்போம்' என்று உட்கார்ந்துவிடக்கூடும். மண்ணைப் பொறுத்தும் பருவத்தைப் பொறுத்தும் கிழங்குக்குக் கிழங்கு விஷ அளவு மாறும். விதையில் அதே எடைக்குப் பல மடங்கு இருக்கும். எவ்வளவு விழுங்கியது என்பதும் நமக்குச் சரியாகத் தெரிவதில்லை. அந்தக் கணக்கு எவ்வளவு சின்னத் துண்டு எவ்வளவு பெரிய கேடு என்று காட்டத்தான். அதற்குக் கீழே பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. ஒரு கடி என்றாலும் கிளம்பவேண்டும்.

இன்னொன்று விட்டுப்போனது. தோல் பூஞ்சைக்குக் கீட்டோகோனசோல் சாப்பிடும் நாய் என்றால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கோல்ச்சிசினை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை அது முடக்கும். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசினும் அப்படியே. காலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு இனங்களில் பலவற்றுக்கு விஷத்தை வெளியே தள்ளும் ஒரு புரதம் பிறவியிலேயே குறை. ஐவர்மெக்டின் ஒத்துக்கொள்ளாது என்று சொல்வார்களே, அதே காரணம்தான். அவற்றை இன்னும் சீக்கிரம் கொண்டுபோகவேண்டும்.

பிப்ரவரி 2, மாலை 6.00
கண்வலி விவசாயி, மூலனூர் பக்கம்

வீட்டில் நாய் இருந்தால் கிழங்கைத் தொட்டியில் விடாமல் எடுத்து வைத்துவிடுவதே மேல். கொடி நன்றாகக் காய்ந்து, தொட்டால் அடியில் கழன்று வரும்போது எடுக்கவேண்டும். அதற்கு முன்னால் எடுத்தால் கிழங்கு பால்பிடிக்காமல் சுருங்கும். கொத்தால் குத்தவேண்டாம், தொட்டியைச் சாக்கின்மேல் கவிழ்த்து, கையுறை போட்டு மண்ணை உதிர்க்கவும். நான்கு நட்டிருந்தால் நான்கு மட்டும் இருக்காது. பழைய கிழங்கு வற்றி, ஒவ்வொரு முளைக்கும் புதிதாக ஒரு கவைக்கிழங்கு வைத்திருக்கும். வற்றிய பழைய கிழங்கு தொலி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், அதையும் சேர்த்து எடுக்கணும். பிறகு அந்த மண்ணை அரை அங்குலச் சல்லடையில் ஒரு தடவை சலித்தால் ஒடிந்த துண்டெல்லாம் சிக்கும்.

நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, காய்ந்த மணலிலோ தேங்காய்நார்த் தூளிலோ அடுக்கி, மூடி இறுகும் டப்பாவில் வைக்கலாம். மூடியில் நான்கு ஆணித்துளை போதும். சாக்கில் கட்டித் தரையில் வைக்காதீர்கள், எலியும் இழுக்கும், நாயும் இழுக்கும். சமையலறைப் பக்கமே வேண்டாம். சர்க்கரைவள்ளி என்று நினைத்து வேகவைத்தவர்கள் உண்டு.

பிப்ரவரி 3, காலை 10.20
மாடித்தோட்டம், திருச்சி

கவிழ்த்துச் சலித்தாச்சு. கிழங்கு ஏழு, ஒடிந்த துண்டு ஐந்து. ஐந்தில் ஒன்று தொட்டியின் மேல்மண்ணிலேயே கிடந்தது. அறுத்த கொடி கம்போஸ்ட் தொட்டியில் இருக்கிறது, அது பரவாயில்லையா?

பிப்ரவரி 3, காலை 10.45
கால்நடை மருத்துவர்

எடுத்துவிடுங்கள். கம்போஸ்டில் சமையல் கழிவும் சேர்வதால் நாயும் தெருமாடும் அங்கேதான் வாய்வைக்கும். காய்ந்த இலையிலும் விஷம் இருக்கிறது. துண்டுகளையும் கொடியையும் சாக்கில் கட்டி மூடிய குப்பையில் போடுங்கள், எரிக்கவேண்டாம். தெருவோரம் வீசினால் தெருநாய் தின்னும்.

ஜூன் 29, காலை 7.40
மாடித்தோட்டம், திருச்சி

இந்த வாரம் நடவு. கோழிவலையை மண்ணின்மேல் விரித்துக் கல் வைத்தால் போதுமா?

ஜூன் 29, பிற்பகல் 1.15
கண்வலி விவசாயி, மூலனூர் பக்கம்

கோழிவலை நெளியும், நாய் நகத்தில் மாட்டித் தூக்கிவிடும். கடைகளில் அரை அங்குலக் கண் வெல்டு மெஷ் என்று கேளுங்கள், துத்தநாகம் பூசியது. தொட்டி வாயைவிட ஒரு அங்குலம் பெரிய வட்டமாக வெட்டி, விளிம்பைக் கீழ்நோக்கி மடித்துத் தொட்டிக்குள் அழுத்தணும். கிழங்குக்கு மேல் ஒரு அங்குலம் மண், அதன்மேல் மெஷ், அதன்மேல் இன்னும் ஒரு அங்குலம் மண், கடைசியாகக் கூழாங்கல். முளை அரை அங்குலக் கண்ணில் தாராளமாக வரும். வெட்டிய கம்பி முனை மேலே நீட்டிக்கொண்டிருந்தால் நாயின் பாதம் கிழியும், மடிப்பதை மறக்கவேண்டாம்.

பூனைக்கும் இது உதவும். இளமண் கண்டால் பூனை கழிப்பறை ஆக்கிக்கொள்ளும், கூழாங்கல் இருந்தால் வராது.

செப்டம்பர் 6, இரவு 8.00
கென்னல், சேலம்

கொஞ்சம் விலகிப் போகிறேன். சதுர்த்திக்கு வாங்கிய களிமண் பிள்ளையாரைக் கரைத்த வாளியை நாய் நக்கிக்கொண்டிருந்தது என்று இன்று ஒருவர் கேட்டார். பிள்ளையாருக்குக் கண் குன்றிமணி அல்லவா. அதுவும் ஒரு கொடிதானே?

செப்டம்பர் 6, இரவு 8.45
கால்நடை மருத்துவர்

நல்ல கேள்வி. குன்றிமணியில் இருப்பது அப்ரின், அதுவும் கொல்லும் விஷம். ஓடு மிகக் கடினம் என்பதால் முழுசாக விழுங்கிய விதை பல சமயம் அப்படியே மலத்தில் வந்துவிடும். கடித்து உடைத்தாலோ, மாலைக்காகத் துளையிட்ட மணியாக இருந்தாலோ நிலைமை வேறு. களிமண்ணில் அழுத்திய கண் துளையிடாதது, ஆனால் நாய்க்குப் பல் இருக்கிறது. கரைப்பதற்கு முன் இரண்டு கண்ணையும் நெம்பி எடுத்து எண்ணிவிடுங்கள்.

கொடிப்பந்தல்தான் வேண்டும், பயமும் வேண்டாம் என்பவர்களுக்கு மல்லிகை, முல்லை, ஜாதிமல்லி, ஹோயா. மணி பிளாண்ட் கொல்லாது, ஆனால் பூனையின் வாயும் தொண்டையும் வீங்கி இரண்டு நாள் சாப்பாடு போகும்.

நவம்பர் 26, காலை 9.00
பூனைக்காரர், கோவை

பூத்திருக்கிறது. பெண்ணின் விரலுக்கு இந்தப் பூவை உவமை சொன்ன புலவர்களைக் குறைசொல்ல முடியாது, ஆறு இதழும் அடியில் மஞ்சள், நுனியில் நெருப்பு, நெளிநெளியாக மேலே மடிந்து. பூனைக்கோ பூவில் ஆர்வமில்லை. காற்றில் ஆடும் இலைநுனிச் சுருளைத்தான் குறிவைக்கிறது.

நவம்பர் 26, பிற்பகல் 12.30
கால்நடை மருத்துவர்

பூனைக்கு அந்தச் சுருள் ஆடும் நூல். தட்டும், பிடிக்கும், கடிக்கும். சன்னல் கம்பி, சோபா, படிக்கட்டுப் பிடி எதுவும் எட்டாத இடத்தில் கொடியை ஏற்றவேண்டும். தரையிலிருந்து நான்கு அடிவரை உள்ள இலைகளைக் கிள்ளிவிடலாம், பூப்பது மேலேதான். உதிர்ந்த இதழைத் தினம் கூட்டுங்கள். பூச்சாடியில் வெட்டி வைத்தால் அந்தத் தண்ணீரும் எட்டக்கூடாது.

ஜனவரி 9, காலை 7.05
கண்வலி விவசாயி, மூலனூர் பக்கம்

காய்க்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். பச்சைக் காய் மஞ்சளாகி, தோல் சுருங்கி, ஒரு நாள் வெயிலில் மூன்றாக வெடிக்கும். உள்ளே செம்மண் நிறத்தில் மிளகை விடச் சற்றுப் பெரிய விதை வரிசைவரிசையாக. வெடித்தபின் இரண்டு நாள் ஒட்டிக்கொண்டிருக்கும், பிறகு காற்றுக்கு உதிர்ந்து தரைப் பிளவில் எல்லாம் போகும். காய் நிறம் மாறும்போதே பழைய கொசுவலைத் துணியில் சின்னப் பை தைத்து ஒவ்வொரு காய்க்கும் மாட்டி, காம்பில் கட்டிவிடுங்கள். விதை வேண்டாம் என்பவர்கள் பூ வாடியதுமே காம்போடு கிள்ளிவிடலாம், கிழங்கும் நன்றாகப் பெருக்கும்.

ஜனவரி 9, காலை 8.20
கால்நடை மருத்துவர்

விதைப் பையோடு, கிழங்கு எடுத்துவைக்கும் டப்பாவுக்கும் ஒரு யோசனை. எடுத்துவைக்கும்போது மூடியில் எண்ணிக்கையையும் மொத்த எடையையும் மார்க்கரில் எழுதுங்கள். சமையலறைத் தராசு போதும். டப்பா கவிழ்ந்து கிடக்கும் நாளில் மருத்துவர் முதலில் கேட்பது எவ்வளவு குறைகிறது என்றுதான். மிச்சத்தை நிறுத்தால் கிராம் கணக்கில் சொல்லிவிடலாம்.

ஜனவரி 9, காலை 8.35
மாடித்தோட்டம், திருச்சி

எழுதியாச்சு. ஏழு நட்டு, நேற்று எடுத்தது பன்னிரண்டு, 610 கிராம். ஒடிந்த துண்டு மூன்று, கட்டிக் குப்பையில் போட்டாச்சு.